ஜேர்மனியில் சாமான் இறக்கி விற்பவர்களுக்கு: பக்கேஜிங் பதிவைச் செய்து முடிப்பது எப்படி

ஜேர்மனியில் தமிழ்ச் சாமான் கடை நடத்துபவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ பொருள் இறக்குபவர்கள், வீட்டிலிருந்தபடி இணையத்தில் மிளகாய்த்தூளும் சேலையும் விற்பவர்கள், கொத்துரொட்டி கட்டிக் கொடுப்பவர்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். நீங்கள் விற்கும் சாமானைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக், காகிதம், கண்ணாடி, தகரம் ஆகியவற்றைச் சேகரித்துத் தரம்பிரித்து மறுசுழற்சி செய்ய ஆகும் செலவை, சாமானைச் சந்தைக்குக் கொண்டுவந்தவரே கட்ட வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். வீட்டு வாசலில் வைக்கும் மஞ்சள் பையை ஏற்றிப்போகும் லொறிக்கான காசு நகரசபை வரியிலிருந்து வருவதில்லை. நாம் கட்டும் இந்தக் கட்டணத்திலிருந்து வருகிறது.

நான் இதைச் செய்யப் போனபோது தமிழில் ஒரு வரி விளக்கம்கூடக் கிடைக்கவில்லை. வரி ஆலோசகர் தன் வேலை இல்லை என்றார். ஒரு ஆலோசனை நிறுவனம், இலவசமாகச் செய்யக்கூடிய பதிவுக்குப் பல நூறு யூரோ கேட்டது. அலுவலக டொச்சில் (ஜேர்மன் மொழியில்) எழுதிய பக்கங்களை அகராதியோடு உட்கார்ந்து வாசித்து, தெரிந்த கடைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் வழி பிடிபட்டது. ஒழுங்கு தெரிந்துவிட்டால் சின்னக் கடைக்கு இது பெரிய வேலையும் இல்லை, பெரிய செலவும் இல்லை. கீழே உள்ள வரிசைப்படியே செய்யுங்கள்.

1. பொறுப்பு உங்களுடையதா என்று முதலில் தீர்மானியுங்கள்

"ஊறுகாயைப் போத்தலில் அடைத்தது சுன்னாகத்தில் இருக்கிற ஆள், நான் விற்கிறவன் மட்டும்தானே" என்று பலர் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். பெரும்பாலானோர் சிக்குவது இந்த இடத்தில்தான். ஜேர்மன் பொதியிடல் சட்டத்தின்படி, சாமான் அடைத்த பொதியை ஜேர்மன் சந்தையில் முதன்முதலாக வியாபார நோக்கில் விடுபவர்தான் தயாரிப்பாளர். வெளிநாட்டிலிருந்து வரும் சாமானுக்கு, அது எல்லை கடக்கும் நேரத்தில் யார் சட்டப்படி பொறுப்பாளியோ அவர். கொழும்பிலிருந்து கொன்ரெய்னரை உங்கள் பெயரில் இறக்கினால் அது நீங்கள்.

உங்கள் நிலை எது என்று பாருங்கள்.

ஜேர்மனியில் உள்ள மொத்த வியாபாரியிடம், அவர் இறக்கிய சாமானை வாங்கி அப்படியே விற்கிறீர்கள் என்றால் அந்தப் பைக்கற்றுகளுக்கு அவர்தான் பொறுப்பு. ஆனால் அவர் உண்மையிலேயே பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள். லூசிட் என்ற பதிவேடு (நான்காம் படியில் வரும்) எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்திருக்கிறது, நிறுவனப் பெயரைப் போட்டால் தெரியும். பதியாதவரின் சாமானை விற்பதும் தடைதான், அந்தத் தடை உங்கள் கடைத் தட்டுவரை வரும்.

நெதர்லாந்திலோ பாரிஸிலோ உள்ள மொத்தக் கடையில் நீங்களே வான் வண்டியில் போய் ஏற்றிக்கொண்டு வந்தால், எல்லை கடக்கும்போது சாமான் உங்களுடையது, ஆகவே பொறுப்பும் உங்களுடையது. அவர்கள் கொண்டுவந்து இறக்கினால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

25 கிலோ சாக்கில் வாங்கிய மல்லியை 500 கிராம் பைக்கற்றாகப் பிரித்துக் கட்டி விற்கிறீர்கள் என்றால், அந்தச் சின்னப் பைக்கற்றுகளுக்கு நீங்கள் பொறுப்பு.

தபாலில் அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்று. உள்ளே இருக்கும் சாமானுக்கு வேறு யாராவது கட்டியிருந்தாலும், நீங்கள் அனுப்பும் காட்போட் பெட்டி, உள்ளே திணிக்கும் காகிதம், குமிழ்த்தாள், ஒட்டும் ரேப், முகவரி லேபல் எல்லாம் உங்கள் கணக்கு.

சின்ன வியாபாரத்துக்கு விலக்கு இருக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. முதல் பைக்கற்றிலிருந்தே சட்டம் பொருந்தும். இங்கிலாந்தில் ஆண்டு விற்பனை பத்து லட்சம் பவுணும் 25 தொன் பக்கேஜிங்கும் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். கனடாவின் ஒன்ராறியோவில் ஆண்டு வருமானம் 20 லட்சம் டொலருக்குக் குறைந்தவர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே லண்டனிலும் ரொறன்ரோவிலும் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் "எங்களுக்கு இங்கே அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொல்வது அவர்கள் அளவில் சரியாக இருக்கலாம். அதைக் கேட்டு நீங்கள் இருந்துவிடாதீர்கள்.

2. எது கணக்கில் வரும், எது வராது

கட்டணம் கட்ட வேண்டியது, பாவித்து முடிந்தபின் வீடுகளில் குப்பையாகும் பக்கேஜிங்குக்கு. உணவகம், ஹோட்டல், ஆஸ்பத்திரி, அலுவலகம் போன்ற இடங்களையும் சட்டம் வீட்டோடு சேர்த்தே பார்க்கிறது. ஆகவே "நான் உணவகங்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறேன்" என்பது தப்பிக்கும் வழி ஆகாது.

24 போத்தல் அடுக்கி வரும் பெரிய பெட்டி, பலகைத் தட்டு, அதைச் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஆகியவை கடையிலேயே நின்றுவிடும். அவை போக்குவரத்துப் பொதி, அவற்றுக்கு மறுசுழற்சிக் கட்டணம் இல்லை. ஆனால் 2022 ஜூலை 1 முதல் அவற்றையும் பதிவில் காட்ட வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த இறக்குமதிப் பெட்டியையே எடுத்து வாடிக்கையாளருக்குச் சாமான் போட்டுத் தபாலில் அனுப்பினால், அது உங்கள் அனுப்பும் பெட்டியாகிவிடும். பழைய பெட்டியைத் திரும்பப் பாவிப்பது நல்ல பழக்கம்தான். அதற்கு ஏற்கெனவே யாரோ கட்டணம் கட்டியிருக்கிறார்கள் என்று உங்களால் நிரூபிக்க முடியாவிட்டால், அதன் எடையையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமான சாமானுக்கு, ஒஸ்னாபுருக் நகரில் இருக்கும் மத்திய பொதியிடல் பதிவேட்டு நிலையம் ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அரிசி, மாவு, மீன், துணி என்று பொருள் வகைவாரியாக, எந்த அளவுப் பொதி கணக்கில் வரும் என்று அதில் இருக்கிறது. இலவசமாக இறக்கி வாசிக்கலாம். பெரிய அரிசி மூட்டை விற்பவர்கள் கட்டாயம் பாருங்கள், ஊகித்துக்கொண்டு விடாதீர்கள்.

3. தராசை எடுங்கள்

முழு வேலையிலும் நேரம் பிடிப்பது இதுதான். இதைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் படிவம் நிரப்புவது மட்டுமே.

கணக்கு முழுவதும் கிலோவில். எத்தனை பைக்கற் என்று யாரும் கேட்கப் போவதில்லை, எந்தப் பொருளில் எத்தனை கிலோ பக்கேஜிங் என்பதுதான் கேள்வி. ஏற்றுமதியாளர் அனுப்பும் பட்டியலில் மொத்த எடையும் சாமான் எடையும் மட்டும் இருக்கும். இரண்டையும் கழித்து வருவதைப் பக்கேஜிங் எடை என்று போடாதீர்கள். அதில் போத்தலும் மூடியும் வெளிப்பெட்டியும் கலந்து கிடக்கும், பொருள்வாரியாகப் பிரிக்க முடியாது.

ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையல் தராசு போதும். சேலை உறை போன்ற மெல்லிய பைகளுக்குப் பத்தை ஒன்றாக வைத்து நிறுத்துப் பத்தால் வகுங்கள். ஒவ்வொரு சாமானிலும் ஒன்றை வெறுமையாக்கி, கழுவி, காயவைத்து நிறுங்கள். ஊறுகாய் எண்ணெய் ஒட்டிய போத்தலை நிறுத்தால் அந்த எண்ணெய்க்கும் சேர்த்து வருடம் முழுக்கக் காசு கட்டுவீர்கள்.

எட்டு வகையாகப் பிரிக்க வேண்டும்: கண்ணாடி, காகிதமும் காட்போட்டும், இரும்புத் தகரம், அலுமினியம், பிளாஸ்டிக், பானக் காட்போட் பெட்டி, மற்றக் கூட்டுப்பொருள், வேறு பொருட்கள். தேங்காய்ப்பால் ரின் இரும்பா அலுமினியமா என்று தெரியாவிட்டால் ஒரு காந்தத்தை வையுங்கள். கையால் கழற்றக்கூடிய மூடியைத் தனியாக அதன் பொருளில் எழுதுங்கள். ஒட்டியிருக்கும் லேபலைச் சுரண்டிக்கொண்டு இருக்க வேண்டாம், போத்தலோடு சேர்த்து நிறுக்கலாம்.

குழப்பம் தருவது வெள்ளிபோல் மினுங்கும் பைக்கற். பொதுவான விதி என்னவென்றால், ஒரே பொருள் எடையில் 95 வீதத்துக்கு மேல் இருந்தால் முழுவதையும் அந்தப் பொருளாக எழுதலாம். மிக்சர் பைக்கற்றின் உள்ளே மினுங்குவது பெரும்பாலும் பிளாஸ்டிக்மேல் படியவைத்த மிக மெல்லிய உலோகப் பூச்சு, அது பிளாஸ்டிக் கணக்கில் போகும். உண்மையான அலுமினியத்தாள் அடுக்கு ஒட்டிய தடித்த பைகள், காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய பைகள் கூட்டுப்பொருளாகிவிடும். அனுப்புபவரிடம் பையின் பொருள் விபரத்தாள் கேளுங்கள். பை அச்சடிக்கும் நிறுவனத்திடம் அது இருக்கும், கேட்டால் அனுப்புவார்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. வருடத்துக்கு 3,000 ஊறுகாய்ப் போத்தல் விற்பீர்கள் என்று வையுங்கள். போத்தல் 200 கிராம், தகர மூடி 12 கிராம். கண்ணாடி 600 கிலோ, இரும்பு 36 கிலோ. மிளகாய்த்தூள் 6,000 பைக்கற், ஒன்று 8 கிராம்: பிளாஸ்டிக் 48 கிலோ. தபாலில் 1,200 பெட்டி, உள்ளே திணித்த காகிதத்தோடு 180 கிராம்: காகிதம் 216 கிலோ. ஒரு விரிதாளில் சாமான் பெயர், பொருள், ஒன்றின் எடை, விற்ற எண்ணிக்கை என்று நான்கு நிரல் போதும். நிறுத்த நாளையும் எழுதி, தராசில் இருக்கும்போது ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு யாராவது கேட்டால் அந்தப் படம் பேசும்.

ஜேர்மனிக்கு வெளியே அனுப்பியதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சுவிசுக்கும் லண்டனுக்கும் நிறைய அனுப்புகிறவர்கள் அதைத் தனியாகக் குறித்துவந்தால் கட்டணம் குறையும்.

4. லூசிட் பதிவு

லூசிட் என்பது அந்த மத்திய நிலையம் நடத்தும் இணையப் பதிவேடு. பதிவு முற்றிலும் இலவசம். டொச்சிலும் ஆங்கிலத்திலும் செய்யலாம். முதலில் மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் திறந்து, வரும் இணைப்பை அழுத்தி உறுதிசெய்த பிறகு நிறுவன விபரங்களைக் கேட்கும். உட்காரும்முன் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

- வியாபாரப் பதிவுப் பத்திரம். பெயரும் முகவரியும் அதில் உள்ளபடியே எழுத்து மாறாமல்.
- வர்த்தகப் பதிவேட்டு இலக்கம் (இருந்தால்).
- விற்பனை வரி அடையாள இலக்கம், அது இல்லையென்றால் வரி இலக்கம்.
- பொறுப்பாக இருப்பவரின் பெயர், தொலைபேசி, மின்னஞ்சல்.
- நீங்கள் சந்தைக்கு விடும் எல்லா வியாபாரக் குறிகளின் பட்டியல்.
- நீங்கள் பாவிக்கும் பக்கேஜிங் வகைகள்.

வியாபாரக் குறிப் பட்டியலில் பலர் தங்கள் கடைப்பெயரை மட்டும் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் இறக்கும் மிளகாய்த்தூள், தேயிலை, சோடா, நூடில்ஸ் எல்லாவற்றின் பெயரும் வர வேண்டும். புதிதாக ஒன்றை இறக்கினால் அப்போதே சேர்க்க வேண்டும். இன்வொய்ஸ்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பட்டியல் எழுதினால் ஒன்றும் தப்பாது.

பதிவு முடிந்ததும் 'டி.ஈ.' என்ற எழுத்துகளோடு 13 இலக்கம் கொண்ட பதிவு எண் வரும். அதோடு வரும் உறுதிக் கடிதத்தைச் சேமித்து, அச்செடுத்தும் வையுங்கள். இணையச் சந்தைகள் 2022 ஜூலை 1 முதல் இந்த எண் இல்லாத விற்பனையாளரை அனுமதிக்கக் கூடாது. உங்களுக்காகச் சாமானைக் களஞ்சியத்தில் வைத்துப் பொதி கட்டி அனுப்பும் நிறுவனங்களுக்கும் அதே கட்டுப்பாடு உண்டு.

இந்தப் பதிவையும் பின்னர் வரும் எடை அறிக்கையையும் நிறுவனத்தார்தான் செய்ய வேண்டும், வெளியாளிடம் ஒப்படைக்கச் சட்டம் விடாது. ஆகவே "நாங்கள் உங்களுக்காகப் பதிந்து தருகிறோம்" என்று காசு கேட்பவர்களை விட்டு விலகுங்கள். டொச் நன்றாகத் தெரிந்த மகளோ மகனோ பக்கத்தில் இருந்து வாசித்து விளக்குவதில் பிரச்சினை இல்லை. கணக்கும் மின்னஞ்சலும் நிறுவனத்துடையதாக இருக்கட்டும். பிள்ளையின் சொந்த மின்னஞ்சலில் திறந்துவிட்டால், எச்சரிக்கைக் கடிதம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

5. மறுசுழற்சி அமைப்போடு ஒப்பந்தம்

பதிவு எண் கிடைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த பொறி. எண் என்பது பெயர் கொடுத்ததற்கு மட்டும். காசு போவது 'இரட்டை அமைப்பு' என்று சொல்லப்படும் தனியார் நிறுவனங்களுக்கு. டேர் குரூனெ புங்க்ட், இன்டர்சேரோ, லாண்ட்பெல், ரெக்லே, பெல்லாண்ட்விஷன், செண்டெக் என்று பல இருக்கின்றன. அங்கீகாரம் பெற்றவற்றின் பட்டியல் மத்திய நிலையத்தின் பக்கத்திலேயே உண்டு. எல்லாம் செய்வது ஒரே வேலைதான், எதைத் தெரிவு செய்தாலும் சட்டம் நிறைவேறும். ஆகவே விலையைப் பாருங்கள்.

பலவற்றின் பக்கத்தில் கட்டணக் கணிப்பான் இருக்கிறது. மூன்றாம் படியில் எடுத்த கிலோக்களைப் போட்டால் தொகை வரும். குறைந்தது மூன்று இடத்திலாவது போட்டுப் பாருங்கள், ஒரே எடைக்கு வித்தியாசம் தெரியும். பார்க்க வேண்டியவை:

- குறைந்தபட்ச ஆண்டுக் கட்டணம் எவ்வளவு. சில கிலோ மட்டும் உள்ள சேலை வியாபாரிக்கு இதுதான் உண்மையான விலை.
- காட்டிய தொகைக்குமேல் 19 வீத விற்பனை வரி ஏறுமா.
- ஒப்பந்தம் தானாகவே அடுத்த வருடத்துக்கு நீளுமா, நிறுத்த எத்தனை மாதத்துக்கு முன் எழுத வேண்டும்.
- வருட முடிவில் எடை குறைந்தால் காசு திரும்புமா, கூடினால் என்ன வீதம்.

கிலோவுக்குக் கண்ணாடி மிக மலிவு, காகிதம் அதற்கு மேல், பிளாஸ்டிக் இன்னும் பல மடங்கு. ஆனால் கண்ணாடி பாரம் கூடியது. ஒரே ஊறுகாயைப் போத்தலில் இறக்குவதா பிளாஸ்டிக்கில் இறக்குவதா என்று முடிவெடுக்கும்போது, கிலோ விலையைப் பார்க்காமல் ஒரு பைக்கற்றுக்கு எத்தனை சதம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன உதாரணம் போன்ற கடைக்கு, வருடம் முழுவதுக்குமான தொகை ஒரு பைக்கற் விலையில் தெரியாத அளவுக்குத்தான் வரும். பெரும்பாலான சின்னக் கடைகளுக்குச் சிரமம் தருவது காசைவிட எடை எடுப்பது.

ஊரிலிருந்து சாமான் அனுப்புபவர்கள் "ஜேர்மனிக்குப் போகிறதே" என்று தாங்களாகவே லேபலில் இரண்டு அம்பு சுழலும் பச்சைப் புள்ளியை அச்சடித்து அனுப்புவதுண்டு. அந்தக் குறி இப்போது கட்டாயமில்லை. அது பதிவுசெய்த வியாபாரக் குறி, பாவிக்க உரிம ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் அச்சடித்தால் வேறொரு வழக்கு வரும். அடுத்த அச்சில் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

6. ஒரே எண்ணை இரண்டு இடத்தில் சொல்லுங்கள்

மறுசுழற்சி அமைப்பிடம் என்ன எடை சொல்கிறீர்களோ, அதே எடையை உடனடியாக லூசிட்டிலும் பதிய வேண்டும்: பொருள்வாரியாகக் கிலோ, அமைப்பின் பெயர், எந்தக் காலத்துக்கு என்பது. அமைப்புகளும் தங்கள் பக்கத்திலிருந்து எடையை மத்திய நிலையத்துக்குச் சொல்கின்றன. இரண்டையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. 48 கிலோவை 50 என்று முழுமையாக்கி ஒரு இடத்தில் போட்டால்கூடப் பொருந்தாது. தசமப்புள்ளி எங்கே வைக்க வேண்டும் என்பதிலும் கவனம். டொச்சில் காற்புள்ளிதான் தசமம், புள்ளி ஆயிரத்தைப் பிரிப்பது. 1.050 என்று எழுதினால் அது ஆயிரத்து ஐம்பது கிலோ.

வருடத்தின் ஓட்டம் இப்படி. ஜனவரி வருமுன் வரும் வருடத்துக்கான மதிப்பீட்டு எடையைக் கொடுத்து ஒப்பந்தத்தைப் புதுப்பியுங்கள். நடுவில் ஒரு கொன்ரெய்னர் கூடுதலாக வந்தால் இரு இடத்திலும் திருத்துங்கள். பொங்கல், தைப்பூசச் சாமான் விற்று முடிந்த கையோடு, முந்தைய வருடத்தின் உண்மையான விற்பனையை எண்ணி இறுதி எடையைக் கொடுங்கள். இறுதி எடைக்கான கடைசி நாள் உங்கள் அமைப்போடு செய்த ஒப்பந்தத்தில் இருக்கும். பலர் முதல் வருடம் மதிப்பீட்டைக் கொடுத்துவிட்டு இந்த இறுதி அறிக்கையை மறந்துவிடுகிறார்கள். அது தனியாக ஒரு கடமை.

கண்ணாடி 80 தொன், காகிதம் 50 தொன், பிளாஸ்டிக்கும் உலோகமும் கூட்டுப்பொருளும் சேர்ந்து 30 தொன் என்பவற்றில் ஏதாவது ஒன்றைத் தாண்டும் பெரிய இறக்குமதியாளர்கள், மே 15-க்குள் கணக்காய்வு செய்த முழுமை அறிக்கையும் கொடுக்க வேண்டும். அந்த அளவில் இருப்பவர்கள் கணக்காய்வாளரை முந்தைய டிசம்பரிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

தண்டம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். பதியாமல் விற்றால் ஒரு லட்சம் யூரோ வரை, மறுசுழற்சி அமைப்பில் சேராமல் விற்றால் இரண்டு லட்சம் யூரோ வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதைவிட அருகில் இருக்கும் ஆபத்து விற்பனைத் தடையும், போட்டிக் கடைக்காரர் வக்கீல் மூலம் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதமும். பதிவேடு திறந்திருப்பதால், நீங்கள் அதில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குச் சில விநாடி போதும்.

7. சாப்பாடு கட்டிக் கொடுப்பவர்கள்

உங்களுக்கு வழி இலகு. கொத்துரொட்டிப் பெட்டி, கறிக் கிண்ணம், தேநீர்க் கோப்பை, கைப்பை ஆகியவற்றை, ஏற்கெனவே கட்டணம் கட்டியதாக விற்கும் ஜேர்மன் விற்பனையாளரிடம் வாங்குங்கள். பற்றுச்சீட்டில் அந்த வாசகம் எழுதியிருக்க வேண்டும், அதுதான் உங்கள் சான்று. லூசிட்டில் பதிந்து, முன்கட்டணம் கட்டிய பொதிகள் மட்டும் பாவிக்கிறேன் என்று குறித்தால் எடை அறிக்கை வேண்டாம். வெளிநாட்டு இணையத்தளத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆயிரம் பெட்டி வரவழைத்தால் முழுப் பொறுப்பும் உங்களிடம் வந்துவிடும்.

கடை 80 சதுர மீற்றரைத் தாண்டினாலோ, வேலையாட்கள் ஐந்து பேருக்கு மேல் இருந்தாலோ, 2023 முதல் திரும்பப் பாவிக்கும் பாத்திரத்திலும் சாப்பாடு கொடுக்க ஒழுங்கு வைத்திருக்க வேண்டும். அதைவிடச் சின்னக் கடைகள் வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தால் போதும். டூபிங்கன் நகரில் 2022 முதல் ஒருமுறைப் பாத்திரத்துக்கு 50 சதம் தனி நகர வரி உண்டு. 2025 ஜனவரியில் அரசியலமைப்பு நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டதால் மற்ற நகரங்களும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் நகரத்தில் என்ன நிலை என்று நகரசபையில் கேளுங்கள்.

8. சோடா ரின்னும் பிளாஸ்டிக் போத்தலும்

ஊரிலிருந்து இஞ்சிச் சோடா, மாம்பழப் பானம், இளநீர் என்று ரின்னில் இறக்குகிறவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். 0.1 லீற்றரிலிருந்து 3 லீற்றர்வரை உள்ள ஒருமுறைப் பாவனை ரின்னுக்கும் பிளாஸ்டிக் போத்தலுக்கும் 25 சதம் வைப்புக்காசு (வெறும் ரின்னையோ போத்தலையோ திருப்பித் தந்தால் மீளக் கொடுக்கும் காசு) வாங்க வேண்டும். 2022 முதல் பழச்சாறும் இதற்குள் வந்துவிட்டது. 2024 முதல் பிளாஸ்டிக் போத்தலில் வரும் பாலும் பால் பானங்களும் வந்துவிட்டன. பழச்சாறு கண்ணாடிப் போத்தலில் இருந்தால் வைப்புக்காசு இல்லை.

வைப்புக்காசு உள்ளவற்றுக்கு மேலே சொன்ன மறுசுழற்சிக் கட்டணம் கிடையாது, லூசிட்டில் மட்டும் பதிய வேண்டும். ஆனால் வைப்புக்காசு முறையில் சேருவதும், ரின்னில் அந்தக் குறியும் அதற்குரிய பட்டைக் குறியீடும் இருப்பதும் இறக்குமதியாளர் பொறுப்பு. குறி இல்லாத ரின்னை இயந்திரம் ஏற்காது, வாடிக்கையாளர் உங்களிடம்தான் திரும்ப வருவார். சில பெட்டி மட்டும் விற்கும் கடைகள், ஏற்கெனவே குறியோடு இறக்கும் ஜேர்மன் மொத்த வியாபாரியிடம் வாங்குவதே நல்லது. வைப்புக்காசு வாங்காமல் ஒளித்து விற்பது பரிசோதகர் தட்டைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். விற்பனைப் பரப்பு 200 சதுர மீற்றருக்குக் குறைந்த கடைகள், தாங்கள் விற்கும் வியாபாரக் குறிகளின் வெறும் ரின்களை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.

9. முறுக்கு, மிக்சர் பைக்கற்றுக்கு இன்னொரு பதிவு

இதை அநேகமாக ஒருவரும் சொல்வதில்லை. பிரித்தவுடன் அப்படியே சாப்பிடும் பண்டங்கள் வரும் பிளாஸ்டிக் பை, உறைகளுக்கு ஒருமுறைப் பிளாஸ்டிக் நிதி என்று வேறு ஒரு கட்டணம் இருக்கிறது. தெருவிலும் பூங்காவிலும் விழும் குப்பையைக் கூட்ட நகரங்களுக்குப் போகும் காசு அது. நடத்துவது கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகவரகம், பதிவுத் தளத்தின் பெயர் டிவிட். லூசிட் எண் அங்கே செல்லாது, தனியாகப் பதிய வேண்டும்.

வீதம் கிலோவுக்கு: பைக்கற், உறை 0.876 யூரோ, உணவுக் கிண்ணம் 0.177, பானக் கோப்பை 1.236, மெல்லிய கைப்பை 3.801. பத்தாயிரம் முறுக்குப் பைக்கற் இறக்கி ஒன்று 7 கிராம் என்றால் 70 கிலோ, கட்டணம் 61 யூரோ 32 சதம். முந்தைய வருட எடையை மே 15-க்குள் அறிவிக்க வேண்டும். 100 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு வெளிக் கணக்காய்வு தேவையில்லை. மூன்றாம் படியில் செய்த விரிதாளில் "அப்படியே சாப்பிடுவது" என்று ஒரு நிரல் சேர்த்துவிட்டால் இந்த வேலை சில நிமிடம்தான். மிளகாய்த்தூளும் பருப்பும் இதில் வராது, அவை சமைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

10. எல்லைக்கு அப்பால் அனுப்பினால்

ஜேர்மன் எண் ஜேர்மனிக்கு மட்டும். பிரான்சில் உள்ள வாடிக்கையாளருக்கு நேரடியாகத் தபாலில் அனுப்பினால் அங்கே தனிப் பதிவும் தனி எண்ணும் வேண்டும். ஒஸ்திரியாவுக்கு 2023 முதல் அங்குள்ள ஒரு அதிகாரப் பிரதிநிதியை நியமித்தாக வேண்டும், அவருக்கு வருடக் கட்டணம் உண்டு. வருடத்துக்குப் பத்துப் பொதி மட்டும் போகும் நாட்டுக்கு இந்தச் செலவு கட்டுமா என்று கணக்குப் பாருங்கள். கட்டாவிட்டால் இணையக் கடையில் அந்த நாட்டைத் தெரிவிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது அங்குள்ள ஒரு கடைக்கு மொத்தமாக விற்று அவரையே இறக்குமதியாளராக ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான புதிய பக்கேஜிங் ஒழுங்குவிதி 2026 ஓகஸ்ட் 12 முதல் நடைமுறைக்கு என்று தேதி குறிக்கப்பட்டது. புதிதாகப் பை அச்சடிக்கக் கொடுப்பவர்கள் இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்து அச்சடிக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அச்சுக்குக் கொடுக்குமுன், பையின் பொருள் என்ன, ஒரே பிளாஸ்டிக்கால் ஆனதாக மாற்ற முடியுமா என்று அனுப்புபவரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி, தராசுப் படங்கள் இருக்கும் அதே கோப்பில் போட்டு வையுங்கள்.